பேத்திக்குக் கூட்டிச் சொன்ன வயசு

தை 3, ஞாயிறு.

பொங்கல் கபடியில் பெண்பிள்ளைகள் அணிக்கு ஓர் ஆள் குறைந்தது. பேத்தி மாரிக்கு ஒன்பது வயசு. மருமகள் வேண்டாமென்றிருந்தும், பன்னிரண்டு என்று பொய் சொல்லி நான்தான் இறக்கிவிட்டேன். உழுத கரிசல் மண்தானே, விழுந்தாலும் வலிக்காது என்று நினைத்தேன்.

எதிரணியிலிருந்து கபடி பாடிவந்த பெரிய பிள்ளையின் காலை மாரி பிடித்தாள். "விடாதட்டி!" என்று கத்திவிட்டு, பக்கத்தில் நின்றவர்களிடம் "அவ என் பேத்தியாக்கும்!" என்றேன். அவளும் விடவில்லை. நான்கு பேர் அவள் மேலே விழுந்தார்கள். தோள் எலும்பு முறிந்துவிட்டது.

ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்த மருமகள், "யாருட்டி உன்னய இறக்கிவிட்டது?" என்றாள்.

"நானாத்தாம்மா போனேன். ஆச்சி வேண்டாம்னுதான் சொன்னாவ."

வீட்டுக்கு வந்ததும், "நீங்க என்ன செய்வீய அத்தை, சாப்பிடுங்க" என்று மருமகள் சோறு போட்டாள். மறுசோறும் வாங்கிச் சாப்பிட்டேன்.