கேட்டைத் தாண்டாத பழம்

செலண்டார் தோட்டம், 1952

அன்புள்ள அம்மாவுக்கு, மகன் சவரிமுத்து தோத்திரம் சொல்லி எழுதுவது. உங்கள் மூட்டுவலி தேவலையா? நான் நல்ல சுகம்.

அம்மா, என் ஸ்ட்ராபெரி பழுத்துவிட்டது! கேமரன் மலையிலிருந்து எங்கள் தோட்டத்துக் கணக்குப்பிள்ளை, கிராணி, கொண்டுவந்த செடி. இந்த வெயிலில் பிழைக்காது என்றார்கள். வைக்கோல் பரப்பி, கீற்று நிழலில் வளர்த்தேன். ஒரே ஒரு பழம்! எனக்குக் காய்ச்சல் வந்தபோது (பயப்படுவீர்கள் என்று எழுதவில்லை) கஞ்சி ஊட்டிய பக்கத்து வீட்டுத் தெரசம்மா அக்காவுக்கு என்றே வைத்திருந்தேன்.

நேற்று அக்கா தங்கா பத்து என்ற ஊருக்குக் குடிபோய்விட்டார். அவர் ஏறிய லோரி தோட்டத்து முள்வேலிக் கேட்டுக்கு வெளியே நின்றது. பழத்தோடு ஓடினேன். காவல்காரர் மறித்தார். காட்டில் ஒளிந்து சண்டைபோடும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடும் என்று, எந்தச் சாப்பாடும் கேட்டைத் தாண்டக்கூடாது என்பது சர்க்கார் உத்தரவு. அவசரத்தில் மறந்தே போனேன்!

"ஒரு பழந்தானே அண்ணே!"

"பழம் வெளிய போகக்கூடாது. அக்கா உள்ள வரலாம் லா!" என்று சிரித்தார்.

அக்கா இறங்கி வந்து, கேட்டுக்கு உள்ளே நின்று கடித்தார். "அடேய், புளி தோத்துச்சு போ!" என்று மீதியை என் வாயில் திணித்தார். அந்தக் காவல்காரர் நன்றாக இருக்கவேண்டும், அம்மா.

ரசத்துக்கு என்னென்ன போடுவது? இதுவரை அக்கா கைச் சாப்பாடு. தபால்காரர் மணியடிக்கிறார். ஒரு ஆளுக்கு மட்டும் அளவு எழுதுங்கள்.

உங்கள் மகன்
சவரிமுத்து