நாலாவது தோள்

பாப்பாவின் அப்பாவுக்கு,

நானும் பாப்பாவும் சுகம். பெங்களூர்க் குளிருக்கு என்ன செய்கிறீர்களோ, உங்கள் கம்பளி இங்கே சும்மாதான் கிடக்கிறது. இல்லை, அதை நான்தான் போர்த்திக்கொள்கிறேன்.

யுத்தத்தில் பட்டாளத்துக்கு மரம் விற்றுப் பணக்காரரானாரே, அவர் மிட்டாதாரின் பங்களாவையும் நிலங்களையும் வாங்கிவிட்டார். பழைய பல்லக்குக்கு வார்னிஷ் அடித்திருக்கிறார். தேரன்று அதில்தான் கோயிலுக்குப் போவாராம். மிட்டாதாரின் பேரனே சைக்கிளில் போகிற காலத்தில்!

"ரெண்டு காரு நிக்குதுங்களே, பல்லக்கு எதுக்குங்க?" என்று உங்கள் பெரியண்ணன் கேட்டிருக்கிறார்.

"காருல போனா ஜனம் ஒதுங்குது. பல்லக்குல போனாத்தான் குனியும்" என்றாராம்.

பரம்பரையாகத் தூக்கியவர்கள் என்று நம் வீட்டுக்கு ஆள் அனுப்பினார். அண்ணன்மார் மூவரும் தலையாட்டிவிட்டார்கள். அவர்கள் உயரத்துக்கு ஒத்த நாலாவது தோள் உங்களுடையதுதான். நீங்கள் வந்து தூக்கினால் நம் பங்குக் குத்தகை நிலம் நம்மிடமே இருக்குமாம். இல்லையென்றால் விட்டுவிட வேண்டுமாம்.

வரச் சொல்லி எழுதத்தான் உட்கார்ந்தேன். வந்தால் நாலு நாளாவது இந்த வீட்டில் உங்கள் இருமல் கேட்கும். "அப்பா தோள்ல ஒக்காந்து தேரு பாக்கணும்" என்று பாப்பா வேறு தினமும் கேட்கிறாள்.

அவள் உட்காருகிற இடத்தில் அவருடைய பல்லக்குக் கொம்பா?

வராதீர்கள். நிலத்தை விட்டுவிடுகிறோம் என்று சொல்லியனுப்பிவிட்டேன். திங்கட்கிழமை மொரப்பூரில் ரயிலேறுகிறோம், கம்பளியோடு. அங்கே ஸ்டேஷனுக்கு வந்துவிடுங்கள். தேர் இல்லாவிட்டால் போகிறது, உங்கள் தோளில் உட்கார்ந்து அவள் பெங்களூரைப் பார்க்கட்டும்.

வழி பார்த்து அலுத்துப்போன,
பாப்பாவின் அம்மா