வராத லாரிக்கு ஒரு சாட்சி

அன்பு மகள் முஸயானாவுக்கு அப்பா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இறைவன் கருணையால் இங்கே நானும் உன் அம்மாவும் மூச்சுவிட்டுக்கொண்டிருக்கிறோம், வாத்துகளும் அப்படியே. நீயும் நீ பார்த்துக்கொள்ளும் அந்தப் பெரியவரும் தைபேயில் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க ஐந்து வேளையும் துஆ செய்கிறேன், அவர் நம் மார்க்கம் இல்லை என்றாலும் அவருக்கும் சேர்த்துத்தான், அவர் நன்றாக இருந்தால்தானே நீ இராத்திரியில் தூங்க முடியும். போன தடவை நீ போனில் கூப்பிட்டு, ஏம்ப்பா கூட்டுறவு நிதியிலிருந்து இந்த மாத லாபப் பங்கு ஏறவில்லை என்று கேட்டாய். சிக்னல் சரியில்லை கண்ணு, குரல் விட்டு விட்டு வருது என்று சொல்லி வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. விட்டு விட்டு வந்தது உன் அப்பனின் தைரியம். பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தி உன் ஊருக்கு வேலைக்குக் கிளம்புகிறாள், அவள் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். உட்கார்ந்து படி. வேலைக்கு நடுவில் படிக்காதே.

மழை இந்த வருடம் கொட்டித் தீர்த்துவிட்டது. நம் பிரெபெஸ் மாவட்டம் முழுக்க சின்ன வெங்காயம் பாத்தியிலேயே அழுகிப் போனது, ரோட்டில் நடந்தால் அந்த நாற்றம்தான். அம்மாவுக்கு முழங்கால் வலி, எண்ணெய் தேய்க்கிறேன் என்றால் காலைக் கொடுக்க மாட்டேன் என்கிறாள், அதற்குக் காரணம் பின்னால் வருகிறது. உப்பு முட்டை வியாபாரம் படுத்துவிட்டது, அதற்கும் அதே காரணம்தான். வெங்காய வியாபாரி வர்சிதி லாரி விபத்தில் மௌத்தான செய்தியை உனக்கு முன்பே சொன்னேன். அதற்குப் பிறகு நடந்ததைத்தான் சொல்லவில்லை.

நம் நிதி எப்படி நடக்கிறது என்று உனக்குத் தெரியும், ஆனாலும் சொல்கிறேன், சொன்னால்தான் எனக்கே விளங்குகிறது. வட்டி ஹராம், அதனால் நிதி யாருக்கும் பணமாகக் கடன் கொடுப்பதில்லை. வர்சிதிக்கு லாரி வேண்டுமென்றால் நிதி லாரியை வாங்க வேண்டும், வாங்கித் தன் சொந்தமாக்கிய பிறகு லாபம் வைத்து அவனுக்கு விற்க வேண்டும், அவன் தவணையில் கட்டுவான். முதலில் சொந்தம், பிறகு விற்பனை. ஆனால் லாரி பார்க்க சிரெபோனுக்கு நிதி ஆட்களா போவார்கள்? மேலாளர் ஃபத்தோனி ஒரே நாற்காலியில் உட்காரவைத்து இரண்டு காகிதம் நீட்டுவார். நிதியின் ஆளாக நீயே போய் வாங்கி வா என்று ஒன்று, வாங்கி வந்ததை உனக்கு விற்றோம் என்று இன்னொன்று. இரண்டாவதில் மட்டும் தேதியைத் தள்ளிப் போட்டுக்கொள்வார்கள். மாடு, தண்ணீர் எஞ்சின், மோட்டார் சைக்கிள் எல்லாம் அப்படித்தான் விற்றது. விற்பனைக்கு வாய்வார்த்தை வேண்டும், அதைக் கேட்கச் சாட்சி வேண்டும், சாட்சிக்கு எதிர்க்கடைக்காரனைக் கூப்பிடுவார்கள். அந்த எதிர்க்கடைக்காரன் உன் அப்பன். என் நேர்மையைப் பார்த்துக் கூப்பிட்டார்கள் என்று நினைக்காதே, கூப்பிட்ட குரலுக்கு எழுந்து வருகிற அளவுக்கு என் கடையில் கூட்டம் இல்லை. மல்லிகை டீ கொடுப்பார்கள், சர்க்கரை தாராளமாகப் போடுவார்கள். என் கல்யாணத்தில் ஒப்புக்கொண்டேன் என்று சொல்வதற்கே எனக்கு நாக்கு குழறியது, மாமனார் மூன்று தடவை சொல்ல வைத்தார். அடுத்தவன் வியாபாரத்தில் மட்டும் கணீரென்று சாட்சி சொல்வேன்.

வர்சிதி அன்று புதுச் சட்டை போட்டு வந்திருந்தான். ஃபத்தோனி இந்த லாரியை உங்களுக்கு வித்தேன் என்றார், இவன் வாங்கிக்கிட்டேன் என்றான், நான் சாட்சி என்றேன், லாரியோ சிரெபோனில் எவனுடைய கொட்டகையிலோ நின்றது. மறுநாள் பஸ் ஏறிப் போய் அதை வாங்கி ஓட்டி வந்தான். மழை, கடற்கரைச் சாலை, எதிரே சிமெண்ட் ஏற்றிய வண்டி தடம் மாறி வந்தது. நம் ஆள் தன் பக்கத்தில்தான் வந்தான் என்று போலீசே எழுதியது. லாரி தீப்பிடித்து எரிந்தது. காப்பீடு, வண்டி ஊருக்கு வந்த பிறகு எடுக்கலாம் என்று விட்டிருந்தார்கள். அவன் மய்யித்தைக் கழுவ நானும் போனேன் மகளே, அதைப் பற்றி எழுத மாட்டேன்.

நாற்பதாம் நாள் ஓதி முடிந்ததும் நிதியிலிருந்து ஆள் வந்தார்கள். லாரி வர்சிதிக்கு விற்றாகிவிட்டது, எரிந்தது அவன் லாரி, தவணைக்கு ஈடாக வைத்த வீட்டுப் பத்திரம் எங்களிடம் இருக்கிறது, வீட்டை விற்றுத்தான் கணக்கை முடிக்க வேண்டும் என்றார்கள். அவன் மனைவி ரொக்காயா இரண்டு பெண் குழந்தைகளோடு வாசலில் நின்று கேட்டிருக்கிறாள். அழவில்லையாம், நேராக என் கடைக்கு வந்தாள். எல்லாரையும் போல மரியாதைக்குப் பாக் என்று கூப்பிட்டு, நீங்கதானே அன்னைக்குப் பக்கத்துல இருந்தீங்க, அந்த லாரியை அவர் சாகறதுக்கு முந்தின நாள் வரைக்கும் கண்ணாலகூடப் பார்க்கலயே, பார்க்காத லாரிக்கு என் வீடு எப்படிப் போகும்னு மட்டும் சொல்லுங்க என்றாள். ஆறு முட்டை பொட்டலம் கட்டிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள். வேணாம்னு சொல்ல முடியுமா பாக், பிள்ளைங்களுக்குப் பசியா இருக்கு என்று சொல்லிக்கொண்டே போனாள். அவள் ஆலிம் மஸ்ரூரிடம் போய் முறையிட, அவர்தானே நிதியின் கொடுக்கல் வாங்கல் மார்க்கப்படி நடக்கிறதா என்று பார்க்கும் பொறுப்பில் இருப்பவர், ஜும்ஆ தொழுகைக்குப் பிறகு எல்லார் முன்னும் விசாரிக்கிறேன், சாட்சியைக் கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டார்.

வியாழக்கிழமை சாயங்காலம் ஃபத்தோனி கடைக்கு வந்தார். நல்ல மனுஷன் கண்ணு, அவரைத் தப்பாக நினைக்காதே, ஒரு பைசா திருடியவர் இல்லை. கதவோரம் உட்கார்ந்து, பாக், ஒரே ஒரு வார்த்தை, லாரியை நிதி சிரெபோன்ல வாங்கிட்ட பிறகுதான் விற்பனை பேசினோம்னு சொல்லிடுங்க, யாருக்கு நஷ்டம், ரொக்காயாவுக்கு நானே வாடகை வீடு பார்த்துத் தர்றேன் என்றார். அவர் குரலைத் தாழ்த்தி, ஒரு லாரியோட போகும்னு நினைக்காதீங்க, இதுவரைக்கும் வித்த மாடு எஞ்சின் எல்லாம் இதே கதைதான், ஒரு நூலை உருவினா முழுத் துணியும் பிரிஞ்சிடும், ஊர்க்காரங்க கதவை உடைச்சுக்கிட்டு வருவாங்க, உங்க பொண்ணு அனுப்பின பணம் எந்தப் பெட்டியில இருக்குன்னு நினைக்கிறீங்க என்று கேட்டார். உள்ளே அம்மா உப்பு முட்டைக்குச் சாம்பல் பூசிக்கொண்டிருந்தாள். அவள் கை நின்றுபோனது எனக்குத் தெரிந்தது. அவர் போனதும் வெளியே வந்து, நாளைக்குக் காதுவலின்னு படுத்துக்குங்க, போகாதீங்க என்றாள். காதுவலிக்கும் வாய்க்கும் என்ன சம்பந்தம் என்று சிரிக்கப் பார்த்தேன், அவள் சிரிக்கவில்லை.

பள்ளிவாசல் தாழ்வாரத்தில் ஊரே உட்கார்ந்திருந்தது. ஆலிம் சுற்றி வளைக்கவில்லை, விற்பனை பேசினப்போ லாரி எங்க இருந்துச்சு என்றார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அந்த இடத்தில் உன் முகம் எனக்கு ஞாபகம் வந்தது, உன்னிடம் பொய் சொல்ல விரும்பவில்லை மகளே, நீ அந்தப் பெரியவரைக் குளிப்பாட்டி, மலம் வாரி, குளிரில் கை வெடித்து அனுப்பிய பணம் என் நாக்கின் நுனியில் நின்றது. ரொக்காயாவும் தூணோரம் நின்றாள். சிரெபோனில் விற்றவன் கொட்டகையில் இருந்தது, அப்போது நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன் என்று சொன்னேன். பின்னால் ஒருவன், டீக்காகத்தான்டா வந்திருக்கார் என்று சொல்ல இரண்டு பேர் சிரித்தார்கள். அதுதான் அங்கே கேட்ட கடைசிச் சிரிப்பு.

ஆலிம் கண்ணை மூடிக்கொண்டு, அப்போ நிதி தன்கிட்ட இல்லாத பொருளை வித்திருக்கு, அது விற்பனையே இல்ல, லாரி நிதியோடது, எரிஞ்சதும் நிதியோடது, வர்சிதி நம்ம ஆளா நம்ம பொருளைக் கொண்டுவரும்போது செத்தார், பத்திரத்தை இன்னைக்கே கொடுத்துடுங்க என்றார். கூட்டத்திலிருந்து யாரோ, வருஷா வருஷம் நீங்கதானே எல்லாம் ஹலால்னு கையெழுத்துப் போட்டீங்க என்று கத்தினார்கள். காகிதத்துல தேதி வரிசையாத்தான் இருந்துச்சு என்று மட்டும் சொல்லி ஆலிம் தலையைக் குனிந்துகொண்டார்.

மறுநாள் விடியும்போதே நிதி வாசலில் கூட்டம். ஃபத்தோனி கதவைத் திறந்து, பெட்டி காலியாகும் வரை கொடுத்தார், நடுப்பகலில் காலியானது. மிச்சப் பணமெல்லாம் மாடாகவும் எஞ்சினாகவும் ஊரில் நின்றுகொண்டிருக்கிறது, வாங்கியவர்களோ எங்கள் விற்பனையும் செல்லாதுதானே, எதற்குத் தவணை என்று கேட்கிறார்கள். பொருள் உன் கையில் இருக்கிறது, அசலையாவது கட்டு என்று ஆலிம் வீடு வீடாகப் போய்ச் சொல்கிறார், கதவைத் திறப்பார் இல்லை. பணம் போடும்போது நம்மிடம் சொல்லித்தான் வாங்கினார்கள், லாபம் வந்தால் பங்கு, நஷ்டம் வந்தால் அதிலும் பங்கு என்று. அந்த இரண்டாவது பாதியை ஊரில் ஒருத்தர் காதிலும் விழவில்லை, உன் அப்பன் காதிலும்தான். ஃபத்தோனிக்கு அன்று மாலையே பக்கவாதம் வந்து வலது கை போய்விட்டது, ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். பார்க்கப் போனேன், என்னைப் பார்த்ததும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அந்தப் பக்கம் திருப்பத்தான் அவரால் முடிகிறது என்று நர்ஸ் சொன்னாள், அப்படியே நம்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஆக உன் பணம் போய்விட்டது மகளே. நீ வீடு கட்ட வைத்திருந்தது, உனக்குப் பார்த்த மாப்பிள்ளை வீட்டாரிடம் நாம் பெருமையாகச் சொன்னது. எப்போதாவது கொஞ்சம் தேறலாம் என்கிறார்கள், அதை நம்பி நீ ஒரு செருப்புக்கூட வாங்காதே. அம்மா என்னோடு பேசுவதில்லை. கடைசியாகப் பேசியது, உங்க நாக்கு என் பொண்ணோட அஞ்சு வருஷத்தைத் தின்னுடுச்சு, இனிமே அதுக்குச் சோறு எதுக்கு என்று. சோறு மட்டும் போடுகிறாள், தொட்டுக்கொள்ள மிளகாய்ச் சம்பல் வைப்பதில்லை. ஊரில் என் முட்டையை யாரும் வாங்குவதில்லை. ஹஜ்ஜுக்காக நிதியில் பணம் சேர்த்த கிழவர் ஒருவர் என் கடை முன்னால் தினமும் வந்து நிற்கிறார், திட்டுவதில்லை, நிற்கிறார், பிறகு போய்விடுகிறார். திட்டினால் தேவலை.

ரொக்காயாவுக்கு வீடு மிஞ்சியது. ஆனால் அவள் பலகாரக் கடைக்கும் ஆள் வருவதில்லை, இவளால்தானே என்கிறார்கள், பிள்ளைகளைக்கூட மற்ற பிள்ளைகள் விளையாட்டில் சேர்ப்பதில்லை. ஒரு நாள் விற்காத பலகாரத்தை எடுத்துக்கொண்டு வந்து அம்மாவிடம் கொடுத்தாள். அம்மா வாங்கி வைத்தாள், உட்காரச் சொல்லவில்லை. போகும்போது என்னிடம், பாக், நீங்க பொய் சொல்லியிருந்தா என் வீடு ஒண்ணுதான் போயிருக்கும் என்று சொன்னாள். நன்றி சொன்னாளா குறை சொன்னாளா என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. சொன்னது சரியா என்று நீ கேட்டால் சரி என்பேன். நல்லதா என்று கேட்டால் எனக்குத் தெரியாது, நான் நடுநிலைப் பள்ளியோடு நின்றவன்.

இப்போது ஒரு விஷயம், இதற்காகத்தான் இவ்வளவு நீட்டினேன். வாத்துக் கொட்டில் இருக்கும் நிலம் என் பெயரில் இருக்கிறது, அது ஒன்றுதான் இருக்கிறது. அதை உனக்கு எழுதிவிட்டேன். வாத்துகளை விற்றுவிடுவேன், அவை முட்டையிட்டும் வாங்க ஆளில்லை. இது உன் பணத்துக்கு ஈடாகாது, தெரியும், மழைக்காலத்தில் கணுக்கால் வரை தண்ணீர் நிற்கும், வாத்து நாற்றம் போக ஒரு வருடம் ஆகும். எழுதிய காகிதத்தை ஆலிமிடம் காட்டினேன். படித்துவிட்டு, கொடைன்னு எழுதினா மட்டும் போதாது பாக், வாங்கறவங்க நேர்ல வந்து தன் வசம் எடுத்துக்கணும், அதுவரைக்கும் இது உங்களோடதுதான் என்றார். அவரும் இப்போது காகிதத்தை நம்புவதில்லை.

அதனால் உனக்குக் கொடுத்துவிட்டேன் என்று இந்தக் கடிதத்தில் நான் சொல்ல மாட்டேன். ஒப்பந்தம் முடிந்ததும் நீ ஊருக்கு வா, வந்து அந்த நிலத்தில் உன் இரண்டு காலும் படும்படி நில். என் மேல் கோபத்தோடு வந்தாலும் சரி, என்னிடம் பேசாமல் நேராகக் கொட்டில் பக்கம் போனாலும் சரி. கோபத்தோடு மிதித்தாலும் சொந்தம் சொந்தம்தான்.

உடம்பைப் பார்த்துக்கொள், வெடித்த கைக்கு எண்ணெய் தடவு, தொழுகையை விடாதே. யார் எந்த ஊரில் காகிதம் நீட்டினாலும் ஒரே உட்காரலில் இரண்டு கையெழுத்துப் போடாதே. அம்மாவுக்குத் தனியாகப் போன் பண்ணு, என்னைப் பற்றி அவள் சொல்வதையெல்லாம் மறுக்காமல் கேட்டுக்கொள். இறைவன் உன் கையில் பரக்கத்தைத் தரட்டும், உன் வழியை நேராக்கட்டும், என் நாக்கால் உனக்கு வந்த இழப்பை அவனே வேறு வாசலால் ஈடு செய்யட்டும். ஆமீன்.

இப்படிக்கு,
இனி யாருக்கும் சாட்சிக்குக் கூப்பிடப்படாத,
உனக்கு மட்டும் எப்போதும் அப்பாவான,
கஸ்மூரி