காலியாக இருந்த ஞாயிறுகள்

அக்கா,

இன்று மொரப்பூர் ஸ்டேஷனில் என் பக்கத்தில் யாரோ ஒரு கருவாட்டு மூட்டையை இறக்கி வைத்தார்கள். எல்லாரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு நகர்ந்தார்கள். நான் நகரவில்லை. கடற்கரையிலிருந்து உனக்குப் பார்சலில் வந்த நோட்டுகளின் வாசம் அது.

பெரியப்பா மகளான நீ, அதியமான்கோட்டை வீட்டில் உட்கார்ந்தபடியே சென்னையிலுள்ள ஒரு கடல் ஆய்வு அலுவலகத்துக்கு வேலை பார்த்தாய். கடலில் மிதக்கும் கருவி அனுப்பும் வெப்ப அளவு ஒன்று, செயற்கைக்கோள் தருவது ஒன்று, மீனவர் ஒருவர் கடலில் தெர்மாமீட்டர் விட்டுப் பார்த்து நோட்டில் எழுதுவது ஒன்று. மூன்றையும் ஒரே அட்டவணையில் பொருத்த வேண்டும். லாரி மட்டுமே ஓடும் ஊரில் கடலா என்று எல்லாரும் கேட்டார்கள். "அலைச்சலே இல்லாம அலையப் புடிக்கிறியேக்கா" என்று சொல்லி நான் ஒரு குட்டு வாங்கினேன்.

உனக்கு உடம்பு முடியாமல் போன பிறகு, பிளஸ் டூ லீவில் அந்த நோட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலை எனக்கு வந்தது. காலியாக இருக்கும் நாளைக் காலியாகவே விடு என்றுதான் சொன்னாய். நான் எந்தக் காலத்தில் சொன்னதைக் கேட்டேன்? கருவியின் எண்ணைப் பார்த்து, புள்ளிக்குப் பின்னால் கொஞ்சம் கூட்டிக் குறைத்து, காலி இடங்களை நிரப்பிவிட்டேன். நீ கண்டுபிடித்துக் கத்த வேண்டும், நான் சிரிக்க வேண்டும். திட்டம் அவ்வளவுதான்.

நீ சந்தேகப்படத்தான் செய்தாய். நோட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் மேலே சிலுவை போட்டிருந்தது.

"ஞாயித்துக்கெழம கூடவா கடலுக்குப் போறாங்க? அவுங்களும் நம்மாட்டம் கோயிலுக்குப் போறவங்கதானேடா?"

அப்போதுதான் எனக்கே உறைத்தது. நான் நிரப்பியதெல்லாம் ஞாயிறு. வாரம் தவறாமல் பூசைக்கு இழுத்துப் போகப்படுகிற எனக்கு அது தோன்றவே இல்லை. அங்கேயே ஒப்புக்கொண்டிருக்கலாம். வாய் முந்திக்கொண்டது: "கடவுள் லீவு வுட்டாலும் கடல் லீவு வுடாதுக்கா." நீ விழுந்து விழுந்து சிரித்தாய். அந்தச் சிரிப்பில் சந்தேகம் போய்விட்டது.

அடுத்த வாரம் போன் செய்து, அறிக்கையில் எழுதியதைப் படித்துக் காட்டினாய்: "மீனவரின் குறிப்பும் கருவியின் அளவும் மிக நெருக்கமாக ஒத்துப்போகின்றன." அந்த மனுஷர் மெஷினுக்குச் சமமாக நிற்கிறார் என்று உனக்கு அப்படி ஒரு பெருமை. "இன்னொரு வாட்டி படிக்கட்டா?" என்று நீயே கேட்டு மறுபடியும் படித்தாய். அதைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளினேன். சேலம் ஆஸ்பத்திரியில் உன் கட்டிலருகே நின்றபோதும் ஜோக்குதான் சொன்னேன்.

போன வாரம் உன் அலுவலகத்துக்கு எழுதிவிட்டேன். எவையெல்லாம் நான் போட்ட எண்கள் என்று குறித்து, நோட்டின் படங்களையும் சேர்த்து அனுப்பினேன். நீ போய்ச் சேர்ந்த பிறகும், அறிக்கையில் உன் பெயர் இருக்கிறதே என்று மாதக்கணக்கில் தயங்கியிருந்தேன். ஆனால் என்றைக்காவது யாராவது அந்த ஞாயிறுகளைக் கவனித்தால், பொய் எழுதியது அந்த மீனவர் என்றுதானே சொல்வார்கள்? போகாத நாளில் ஒரு புள்ளிகூட வைக்காத மனிதர் அவர்.

பதில் வந்தது. ஞாயிறுகளை எடுத்துவிட்டுப் பார்த்தால் அவ்வளவு நெருக்கம் இல்லையாம். அந்த வரியை நீக்கிவிட்டார்களாம்.

இனி அது எந்தத் தாளிலும் இருக்காது, அக்கா. எனக்கு மட்டும் மனப்பாடமாக இருக்கிறது, நீ மூச்சு வாங்க இரண்டாவது முறை படித்த அந்தக் குரலிலேயே.