ஜோகன்னஸ்பர்க்கோடு நின்ற பயணம்

சோமா,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் லுயாண்டோவுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளை டேனியலும் சுகமாக இருக்கக் கடவுள் துணை நிற்கட்டும். உன்னோடு தங்கியிருக்கும் அம்மாவிடம் கோழிகள் நலம் என்று சொல். சோளக் களியை நானே கிண்டிக்கொள்கிறேன். கட்டி தட்டினாலும் திட்டுவதற்கு ஆளில்லை.

தொலைபேசியில் நீ அழுதுகொண்டே, "அடுத்த விமானத்துல வர்றேன்னு சொல்லிட்டு ஏம்ப்பா வரல? தேவாலய வாசல்ல உங்களுக்காக நின்னுக்கிட்டே இருந்தேனே" என்று கேட்டாய். நடந்ததை எழுதிவிடுகிறேன்.

உன் கல்யாணத்துக்குச் சிட்னி வரக் கிளம்பிய நானும் அம்மாவும் தலைநகர் லுசாகா வரை பேருந்தில் வந்தோம்; அரை நாளும் கால்களை மடக்கியே உட்கார்ந்திருந்தேன். அங்கிருந்து ஜோகன்னஸ்பர்க்குக்கு விமானத்தில் இரண்டு மணி நேரம்தான். இறங்கும்போது இடது கால் ஷூவுக்குள் நுழையவில்லை. கெண்டைக்கால் வீங்கிக் கல்லாக இருந்தது. "புது ஷூதான் வேணும்னு அடம் பிடிச்சீங்கல்ல, அனுபவிங்க!" என்று அம்மா சிரித்தாள்.

விமான நிலைய மருத்துவர் சிரிக்கவில்லை. அம்மாவை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, "ரத்தம் உறைஞ்சிருக்கு ஐயா. நெஞ்சுக்கு ஏறினா உயிருக்கே ஆபத்து. சிட்னிக்குப் பன்னெண்டு மணி நேரம். வழி பூரா கடல், அவசரத்துக்கு இறக்க இடமில்ல. உங்கள அனுப்ப மாட்டேன்" என்றார்.

நான் வெளியே வந்து அம்மாவிடம், "வெறும் வீக்கம். நாளைக்கு வந்துடுறேன், நீ முன்னால போ" என்றேன்.

"நான் தனியாவா? அந்தக் கழிப்பறைக் கதவைத் திறக்கக்கூட எனக்குத் தெரியாதே!"

"பெத்தவங்க ரெண்டு பேருமே இல்லாம நம்ம பொண்ணு நிக்கணுமா?" என்று அதட்டினேன். அதன் பிறகுதான் போனாள், திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே. அவள் மறையும்வரை வலியைக் காட்டாமல் நின்று கையசைத்தேன்.

உண்மையைச் சொல்லியிருந்தால் அவள் ஏறியிருக்க மாட்டாள். ஆனால் அந்தப் பொய்யை நம்பி நீ வாசலில் காத்து நிற்பாய் என்று எனக்குத் தோன்றவே இல்லை, மகளே. அதுதான் மனசை அரிக்கிறது.

ஒரு வாரம் மருத்துவமனையில் வைத்திருந்துவிட்டு ஊருக்கு அனுப்பினார்கள். அடுத்த வருஷமாவது போகலாமா என்று இங்குள்ள மருத்துவரைக் கேட்டேன். "இதயமும் களைச்சுப்போச்சு பெரியவரே. லுசாகாவுக்குப் போயிட்டு வாங்க, அது போதும்" என்றுவிட்டார். பக்கத்து வீட்டு ம்வீம்பா விடவில்லை. "துபாய், சிங்கப்பூர்னு துண்டு துண்டா இறங்கிப் போயேன்யா" என்று உலக வரைபடத்தை விரித்தான். இருவரும் விரல் வைத்துப் பார்த்தோம். எப்படி வெட்டினாலும் ஒரு துண்டு நீளமாகவே நின்றது. அவனும் படத்தை மடித்துவிட்டான்.

உன் குடியேற்றத் தாள்கள் கைக்கு வரும்வரை நீ அந்த நாட்டை விட்டு வெளியே வரக்கூடாது என்பது எனக்குத் தெரியும். வா என்று நான் கேட்கமாட்டேன். நீயும் அவசரப்பட்டு எதையும் செய்துவிடாதே.

அம்மாவையும் உடனே அனுப்ப வேண்டாம். மழைக்காலம் முடியட்டும். அவள் கிளம்பும்போது, விமானத்தில் அடிக்கடி எழுந்து நடக்கச் சொல்.

நீயும் மாப்பிள்ளையும் நீடூழி வாழ்க. உனக்குக் குழந்தை பிறந்ததும், அது அழுதாலும் தூங்கினாலும் சரி, தொலைபேசியை அதன் காதருகே கொஞ்ச நேரம் வை. என் குரலாவது அதற்குப் பழகட்டும்.

உன் அப்பா,
ஹமூங்கா