ஃபுஃபு முழுக்க உனக்குத்தான்

கொனாடு,

அடுப்படியில் மூடி வைத்த சட்டியில் மரவள்ளிக்கிழங்கை அவித்து இடித்த ஃபுஃபு இருக்கிறது, பக்கத்தில் ஆட்டுக்கறி சூப். முழுக்க உனக்குத்தான். மூன்று மாதமாக என்னோடு சேர்ந்து நீயும் அவித்த வாழைக்காயையே தின்று துடைப்பக்குச்சியாகிவிட்டாய். சர்க்கரை எனக்குத்தானே? நீ சர்ச்சுக்குப் போன நேரத்தில், இடிக்க ஒருவர், புரட்ட ஒருவர் வேண்டிய வேலையைத் தனியாகவே செய்து முடித்தேன். என் கைவிரல் அகப்பட்டால் கறியென்று விழுங்கிவிடு.

நேற்றுப் பார்த்த டாக்டருக்கு மீசை முந்தாநாள்தான் முளைத்திருக்கும். சர்க்கரை இறங்கவேயில்லை என்றான். நான் தின்ற வாழைக்காயை அடுக்கினால் குமாசியிலிருந்து அக்ரா வரை போகும் என்றேன். அவன் தலையையே தூக்கவில்லை. "எல்லாரும் இப்படித்தான் சொல்றாங்க பெரியவரே. வீட்ல ஒளிச்சுத் தின்னுட்டு இங்க வந்து கதை விடுறது." பழைய டாக்டர் தின்னச் சொன்ன வாழைக்காயையும் நிறுத்தணுமாம். இனி நீ எனக்குக் காற்றைத்தான் அவித்துத் தர வேண்டும்.

அவன் சொன்னது போகட்டும். வீட்டுக்கு வந்ததும் கட்டின மனைவி நீயும் "ஒளிச்சுத் தின்னீங்களா?" என்று கேட்டாயே.

ஃபுஃபுவில் ஒரு விள்ளல்கூட நான் எடுக்கவில்லை. வாசனை தாங்காமல் லாரி ஸ்டாண்டு வரை போய் உட்கார்ந்திருப்பேன்.

பொன்சு

இதற்குக் கீழே இருப்பதைச் சாப்பிட்ட பிறகுதான் படிக்க வேண்டும்:

நேற்று உன்னிடம் சொல்லவில்லை. வலது கால் சுண்டுவிரலைச் செவ்வாய்க்கிழமை எடுக்கிறார்களாம். மற்ற விரல்கள் வரிசையில் நிற்கின்றனவாம்.

சாப்பிடாமலேதான் படித்திருப்பாய். போ, சூப் ஆறுகிறது.