காய்ச்சாத ஒரு டம்ளர்

மச்சான்,

இன்று காலை கேளம்பாக்கத்தில், எங்கள் எதிர் ஃப்ளாட்காரர் ஒரு கண்ணாடி பாட்டிலை நீட்டினார். மூடியைத் திறந்ததும் அந்த வாசனை. மடிச்சூடு ஆறாத பால், நுரை, கொஞ்சம் மாட்டு வாடை. "பண்ணையிலேர்ந்து நேரா வருது சார். காய்ச்சிடாதீங்க, சத்தெல்லாம் போயிடும்" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் பாட்டிலைச் சுவரில் அடித்திருப்பேன். அந்த ஆத்திரம் முழுக்க உன்மேல்தான்.

மறைமலைநகர்ப் பக்கம் நாம் வேலை பார்த்த பால் கம்பெனியில், பாலைச் சூடுபடுத்தும் இயந்திரம் உன் பொறுப்பு. எழுபத்திரண்டு டிகிரி, பதினைந்து விநாடி. முள் ஒரு கோடு இறங்கினாலும் பாலைத் திருப்பி விட்டுவிடுவாய். ஒருமுறை லாரி காத்துக் கிடக்கிறது, சூப்பர்வைசர் கத்துகிறார், நீ அசையவில்லை. "ஊரு புள்ளைங்க குடிக்கிற பாலு சார். இன்னா அவசரம்?" என்றாய். ஆய்வகத்து வாசலில் நின்று கேட்ட எனக்குப் பெருமையாக இருந்தது.

அதே நீ, ஷிப்ட் முடிந்து திருவிடந்தை வீட்டுக்குப் போனதும் உன் செவலை மாட்டைக் கறந்து, முதல் டம்ளரை நுரையோடு அப்படியே குடிப்பாய். பிள்ளைகளுக்கு என் தங்கச்சி காய்ச்சித்தான் கொடுத்தாள். படித்துப் படித்துச் சொன்னேன். "கம்பெனிக்கு நூறு ஊரு பாலு வருது மச்சான், எந்த மாட்டுக்கு இன்னா சீக்குன்னு யாரு கண்டா? இது நம்ம செவல. நம்ம வூட்டு மாடு" என்று சிரித்தாய்.

அந்த நம்ம வீட்டு மாடு ஏழாம் மாதத்திலேயே, குறையாக, செத்த கன்றை வீசியது. கண்ணேறு என்று பூசணிக்காய் உடைத்தாய், அதன் கழுத்தில் கறுப்புக் கயிறு கட்டினாய். கன்று வீசும் மாட்டுக்கு என்ன நோய் இருக்கலாம், பால் வழியாக அது எப்படி மனிதனுக்கு வரும் என்று கம்பெனியில் நமக்கு வகுப்பே எடுத்தார்கள். முன்வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுத்தவன் நீதானே! அப்புறமும் குடித்தாய்.

பிறகு அந்தக் காய்ச்சல். வரும், போகும், மறுபடி வரும். வேர்வையில் பாய் நனையும். இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடப்பாய். டைபாய்டு என்று மாதக்கணக்கில் மாத்திரை தின்றாய். கடைசியில் செங்கல்பட்டில் ஒரு டாக்டர் சரியாகக் கேட்டார்: "பச்சைப் பால் குடிக்கிற பழக்கம் இருக்கா?"

"நான் பால் கம்பெனி ஆபரேட்டர் சார். நான் போயி பச்சப் பாலு குடிப்பனா?" என்றாய். சொல்லிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாய். கட்டிலருகே நின்ற நான் வாயைத் திறக்கவில்லை. விஷயம் கம்பெனிவரை போய் உன் மானம் கப்பலேறிவிடும் என்று பயந்தேன். சென்னையில் உன் ரத்தத்தில் கிருமியைக் கண்டுபிடித்தபோது அது இதயத்தில் குடியேறியிருந்தது. நீயும் முட்டாள், நானும் முட்டாள்.

எதிர் ஃப்ளாட்காரரை உள்ளே உட்காரவைத்து, அவர் பாலையே அடுப்பில் ஏற்றினேன். அது பொங்குவதற்குள் எல்லாம் சொல்லிவிட்டேன். உன் பேர், உன் வேலை, அந்த டம்ளர், நீ டாக்டரிடம் சொன்ன பொய், அதற்குத் துணை நின்ற என் வாய். அந்தப் பாலில் போட்ட காபியைக் குடித்துவிட்டுப் போனார். நாளை மேல்மாடியில் சொல்வேன். அன்றைக்கு நான் கட்டிக் காத்த உன் மானத்தை இனி வீடு வீடாகப் போய் வாங்கப்போகிறேன் மச்சான். கோபம் வந்தால் எழுந்து வந்து சண்டை போடு.